திரியாத பால்

அந்தப் பை ஆய்வகத்துக்கு வந்த சமயத்தில், பகல் முழுவதும் வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. காலையில் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். மாலையில் கடைக்காரரிடம் பால் பாக்கெட் கேட்பேன். நடுவில் இருக்கும் பொழுதில் பேச வேண்டிய தேவை வராது.

நான் வேலை பார்க்கும் கம்பெனி உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் இருக்கிறது. பப்பாளிக் காயைக் கீறினால் வடிகிற பாலை விவசாயிகள் காயவைத்துக் கொண்டுவந்து தருவார்கள். அதைச் சுத்தப்படுத்திப் பொடியாக்கி விற்பதுதான் கம்பெனியின் தொழில். அந்தப் பாலில் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. செரிமான மாத்திரை செய்கிறவர்கள் வாங்குவார்கள், இறைச்சியை மிருதுவாக்குகிறவர்கள் வாங்குவார்கள். வருகிற ஒவ்வொரு பையிலும் அந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

முன்பு அந்த லேபில் இரண்டு பேர் இருந்தோம். கூட இருந்தவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வேறு ஆள் போடுவதாக மேனேஜர் சொன்னார். பிறகு, நீங்களே சமாளிக்கிறீர்களே என்றார். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் நான் வடிதாள் பெட்டிகளை அடுக்கி வைத்தேன். அதே வருடம் அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஓசூருக்கு வந்து தங்கச் சொன்னான். வேலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டேன். வேலை மட்டும்தான் காரணமா என்பது எனக்கே தெரியவில்லை.

வேலையைப் பற்றிச் சொன்னால் இவ்வளவுதான். மாட்டுப்பாலிலிருந்து எடுத்த புரதத்தைக் கரைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே வெந்நீர்த் தொட்டியில் வைப்பேன். பப்பாளித் தூளின் கரைசலை அதில் விடுவேன். குறித்த நேரம் ஆனதும் அமிலம் ஊற்றி நிறுத்துவேன். வெட்டுப்படாத புரதம் தயிர் போலத் திரண்டு அடியில் தங்கும், வெட்டுப்பட்டது நீரில் கரைந்து நிற்கும். வடிகட்டி இயந்திரத்தில் வைத்தால், கரைந்து நிற்பது எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். அதுதான் நொதியின் வீரியம். தூளில் மொத்தம் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதைத் தனியாக அளந்து, அதால் வீரியத்தை வகுத்தால் தூய்மை தெரியும். ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்வேன். எனக்கு அது அலுக்கவில்லை. வெந்நீர்த் தொட்டியின் முனகல் இருக்கிறவரை அறையில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். அதை அணைத்ததும் கேட்கிற அமைதிதான் பிடிக்காது.

அந்தப் பை காவாந்தண்டலத்திலிருந்து வந்திருந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வருஷக்கணக்காக எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பை என்றால் கவலையே இருக்காது. வெளுத்த தந்த நிறத்தில் செதில் செதிலாக இருக்கும். எண்ணும் எப்போதும் மேலேயே நிற்கும். இந்த முறை பையைப் பிரித்தால் உள்ளே இருந்தது வெல்லத் தூள் நிறத்தில் இருந்தது.

சோதித்தேன். வீரியம் பாதிகூட இல்லை. என் கை பிசகியிருக்கும் என்று மறுபடியும் செய்தேன், அதேதான் வந்தது. மாவு கலந்திருப்பார்களோ என்று அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தேன். மாவு இருந்தால் நீலமாகும், ஆகவில்லை. புரதத்தை அளந்தபோதுதான் எனக்குக் குழப்பம் வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஒரு கலப்படமும் இல்லாத, வேறெதுவும் சேராத பப்பாளிப் பால். ஆனால் அதில் உயிர் இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை, அதுதான் விதி. நான் அந்த விவசாயியின் நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண். அவருடைய மனைவி. அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை, இப்போது தோப்பு வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்றார். பை தேறவில்லை என்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். பிறகு, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

மறுநாள் பஸ் ஏறி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். லேபுக்குள் வெளியாட்கள் வரக்கூடாது. வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கலாம். மேனேஜரிடம் கேட்டு உள்ளே கூட்டிப்போனேன். எண்களைக் காட்டினால் அவருக்கு என்ன புரியும் என்று யோசித்து, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் செய்து காட்டினேன். பால் பவுடரைக் கரைத்து இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி வெந்நீரில் வைத்தேன். ஒன்றில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நல்ல தூளின் கரைசலை விட்டேன், இன்னொன்றில் அவர் பையிலிருந்து எடுத்ததை. நல்ல நொதி பாலைச் சீக்கிரம் திரித்துவிடும்.

முதல் குழாயைச் சாய்த்துக் காட்டினேன். கண்ணாடியில் பொடிப் பொடியாகத் திரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது குழாயில் பால் பாலாகவே இருந்தது. அவர் குழாயைத் தானே வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். திரும்ப வெந்நீரில் வைக்கச் சொன்னார். காத்திருந்தோம். எடுத்துப் பார்த்தார். அப்போதும் ஓடுகிற பாலாகவே இருந்தது.

"நான் ஒண்ணுமே கலக்கல மேடம்," என்றார்.

"தெரியும்க்கா. அதையும் பார்த்துட்டேன். ரொம்ப சுத்தமா இருக்கு."

"சுத்தமா கீதுன்னு நீயே சொல்ற. அப்புறம் இன்னாத்துக்கு திரிய மாட்டேங்குது?"

வெயில் அதிகமாகப் பட்டிருக்கலாம், இரும்புத் தட்டில் வைத்திருக்கலாம் என்று பொதுவாகச் சொன்னேன். அதெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டினார். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வருகிற வரை அந்தப் பையைத் தரையில் இறக்கி வைக்கவே இல்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் காவாந்தண்டலம் போனேன். அவருக்கு உதவுவதற்காகப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குக் கஷ்டமாக இருந்தன. துணி துவைத்து, ஒரு ஆளுக்குச் சமைத்து முடித்தபின் மிச்சமிருக்கும் பகலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது. போவதற்கு ஓர் இடமும் கேட்பதற்கு ஒரு கேள்வியும் கிடைத்ததில் எனக்கு ரகசியமாக ஒரு நிம்மதி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. அவர் தோப்பில் இருந்தார். மரத்தைச் சுற்றி, கவிழ்த்த குடையைப் போல பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார். பச்சைக் காயில் பிளேடு செருகிய மூங்கில் குச்சியால் மேலிருந்து கீழாக லேசாகக் கீறினார். கீறிய கோட்டில் வெள்ளைப் பால் துளிர்த்துச் சொட்டியது. அடுத்த மரத்துக்குப் போனார். அவர் விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்தப் பால் இறைச்சிக்குச் செய்வதைத்தான் தோலுக்கும் செய்யும். கையுறை போடலையா என்று கேட்டேன். போட்டுக்கொண்டால் கத்தி எவ்வளவு ஆழம் போகிறதென்று தெரியவில்லை என்றார். கீறல் விழுந்த காய்களை யார் வாங்குவார்கள் என்றும் கேட்டேன். கேக்கில் போடுகிற சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டிக்குப் போகுமாம்.

காயவைக்கும் இடத்தையும் பார்த்தேன். ஓலைக் கூரையின் நிழலில் மரச் சட்டம், அதன் மேல் வெள்ளைத் துணி. காற்று நன்றாக வந்தது. இரும்பு எங்கேயும் இல்லை. எங்கள் கம்பெனி சொல்லிக்கொடுத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. நான் தேடிவந்த தப்பு அங்கே இல்லை.

வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். கூடத்தில் கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். வாசலைப் பார்க்கிற மாதிரி கட்டிலைப் போட்டிருந்தார்கள். நல்ல உயரமான மனிதர். வலது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இடது கையை நெற்றிவரை கொண்டுபோனார். கம்பெனியிலிருந்து வந்திருக்கிற பொண்ணு என்று மனைவி சொன்னார். கணவரின் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. அவர் எதையோ கேட்க விரும்பினார் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

காபியைக் குடித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, பாலில் உப்புத் தூள் எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் முகம் சட்டென்று மாறிப்போனது. கணவரை ஒரு தரம் பார்த்தார். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, வெளியே வா என்பது போலக் கையைக் காட்டினார். பம்பு செட் ரூமுக்குப் பின்னால் போய்த்தான் நின்றார்.

"அது ஒனக்கு எப்டித் தெரியும்?" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"எதச் சொல்றீங்கக்கா?"

"அந்த வெள்ளத் தூளு. அவுரு கலப்பாரு மா. பால எடுத்துக்கினு இந்த ரூமுக்குள்ள வந்து கதவ சாத்திக்கினு கலப்பாரு. என்ன கிட்டவே வுட மாட்டாரு. எடை ஏத்தறதுக்கு இன்னாவோ கலப்படம் பண்றாருன்னு எனுக்குத் தெரியும். நான் ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டா அவுருக்கு அசிங்கமாப் பூடும்னு வுட்டுட்டேன். இப்ப என் கைக்கு வந்திச்சி. நான் எதுக்கு அந்தப் பாவத்த பண்ணணும்? மீதியிருந்த தூள குழி நோண்டிக் கொட்டிட்டேன்."

பையைப் பிரித்தபோது வராமல் போன ஒரு வாசனை இப்போது நினைவுக்கு வந்தது. நல்ல பைகளில் அணைந்த தீக்குச்சியைப் போல ஒரு காரமான நெடி இருக்கும். இந்தப் பையில் அது இல்லை. நிறத்தைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், மூக்கு சொன்னதை மட்டும் கவனிக்கவில்லை.

அது கலப்படம் இல்லை என்று சொன்னேன். எங்கள் கம்பெனியே எல்லா விவசாயிகளுக்கும் கொடுக்கிற தூள் அது. பாலோடு கொஞ்சம் சேர்த்தால்தான் காற்றுப் பட்டு நொதி கெடாமல் இருக்கும். இல்லாவிட்டால் காய்வதற்குள்ளேயே பழுப்பாகி வீரியம் போய்விடும். தூள் சேராததால் உங்கள் பால் சுத்தமாக இருந்தது, அதனாலேயே கெட்டும் போனது என்றேன்.

அவர் நம்பவில்லை. "அப்புறம் ஏன் கதவ சாத்தணும்?"

அது எனக்கும் விளங்கவில்லை. அப்போதுதான் அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கவனித்தேன். தோப்பிலிருந்து நடந்து வந்ததற்கே நெஞ்சில் ஒரு விசில் கேட்டது.

"உங்களுக்கு வீசிங் இருக்காக்கா?"

"சின்னப்புள்ளலேர்ந்து கீது."

அந்தத் தூளின் நெடி வீசிங் இருப்பவர்களுக்கு ஆகாது, மூச்சையே அடைத்துவிடும், அப்படிப்பட்டவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள் என்று கம்பெனியில் சொல்லித்தான் கொடுப்பார்கள் என்றேன்.

அவர் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. முந்தானையின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, என்னிடம் சொல்வது போல் இல்லாமல், "ஒரு வார்த்த சொல்லிக்கலாம் இல்ல அந்த மனுசன்," என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் கேட்டுக்கலாம் இல்ல," என்றார்.

எழுந்து வீட்டுக்குள் போனார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னார். தான் நினைத்தது, தூளைக் கொட்டியது, பை திரும்பி வந்தது, எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமாக மனைவி தன்னைத் திருடனென்று நினைத்திருக்கிறாள் என்று, பதில் சொல்ல வாயில்லாத நேரத்தில் ஒரு மனிதர் தெரிந்துகொள்கிறார். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் இடது கையைத் தூக்கினார். கட்டை விரலையும் இரண்டு விரல்களையும் சேர்த்து, உப்பு தூவுவது போலத் தேய்த்துக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் குழித்து, ஒரு பிடிப் பால் என்பது போல அசைத்தார். மறுபடியும் மூன்று விரல். எவ்வளவு பாலுக்கு எவ்வளவு தூள் என்று காட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்குப் புரிந்தது. தன் கையாலும் அதேபோல் செய்து காட்டி, இவ்ளோவா என்று கேட்டார். அவர் தலையசைத்தார். அதன் பிறகுதான் அந்த அம்மாள் அழுதார்.

அங்கே எனக்கு வேலை இல்லை. தோப்புப் பக்கம் போய் நின்றேன். கீறிய காய்களில் பால் உறைந்து வெள்ளைக் கோடுகளாக இருந்தது. உள்ளேயிருந்து அவர் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொற்கள் புரியவில்லை. நடுவில் திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் அப்படி நிறுத்தாமல் பேசுவதைக் கேட்டு எனக்கு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து புதிய தூளும், லேபில் நான் போடுகிற மாஸ்க்கும் கொடுத்து அனுப்பினேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கலக்கச் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரரைக் கலக்கச் சொல்லிவிட்டுத் தான் தள்ளி நிற்பதாக அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார்.

பிறகு வந்த பையைப் பிரித்ததும் நெடி மூக்கில் ஏறியது. தந்த நிறம். பாலில் விட்டேன், உடனே திரிந்தது. முறைப்படி செய்யும் சோதனையையும் செய்து இயந்திரத்தில் வைத்தேன். எண் ஏறி, பழைய இடத்துக்கு வந்து நின்றது. "வந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினேன். ஸ்டூலில் வடிதாள் பெட்டிகள் இருந்தன.

போன் செய்தேன். அந்த அம்மாள்தான் எடுத்தார். நல்லபடியாக வந்திருக்கிறது என்றேன்.

"அவுரு காதுல வெக்கிறேன். நீயே சொல்லிடு மா," என்றார்.

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும். நான் என்னவோ பரீட்சை முடிவைப் படிப்பது போல, வீரியம் இவ்வளவு, புரதம் இவ்வளவு, தூய்மை இவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. பால் எப்படித் திரிந்தது என்று சொன்னேன். இந்த லேபில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றும் சொன்னேன். அதை ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. பதிலே வராத இடத்தில் சொல்வது சுலபமாக இருந்தது. மனைவி போனை வாங்கி, கேட்டுக்கினுதான் கீறாரு, கண்ண மூடிக்கினு கேக்கறாரு என்றார்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர்கள் தோப்பில் வைரஸ் நோய் வந்தது. இலைகள் மஞ்சளாகிச் சுருங்கின, காய்களில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தது. பப்பாளிக்கு அது வந்தால் மருந்து கிடையாது. மரங்களை வெட்டிவிட்டு வேர்க்கடலை போட்டார்கள். அவர்கள் பை வருவது நின்றது. இப்போது வேறு ஊர்களிலிருந்து வருகிற பைகளைச் சோதிக்கிறேன்.

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சிக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணவர் கோல் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. மனைவியிடம் என்னவோ குழறலாகச் சொன்னார். அந்த அம்மாளும் ஏதோ சொல்லி அவர் தோளில் தட்டினார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதாம், அதிலும் சண்டை போடுவதற்குத்தான் நன்றாக வருகிறதாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவரை ஏற்றி உட்காரவைப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

பஸ் நகரும்போது அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் குனிந்து, "வூட்டுக்கு வா மா, கல்ல புடுங்கறப்ப வா," என்றார். வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.

கடலை பிடுங்கும் காலம் வந்துவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியும் பார்த்தேன். போய் என்ன சொல்வது, எதைப் பார்க்க வந்தேன் என்பது என்று தயங்கி, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். கையில் ஒரு காரணம் இல்லாமல் இன்னொருவர் வீட்டுக்கு எப்படிப் போவது என்பது எனக்கு மறந்துபோயிருக்கிறது. வேர்க்கடலையை எல்லாம் பிடுங்கி முடிப்பதற்குள் போக வேண்டும்.